‘சுத்தம்ணா’ என்று சொல்லிப் போனவன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் தமிழில்தான் மார்க் குறைவு. லீவு லெட்டரைத் தவிர வேறு எதையும் எழுதிய பழக்கம் இல்லை. ஆனால் அவன் பெரிய நடிகனான பிறகு, “உன் கூடத்தானே வேல செஞ்சான், எப்படிப்பட்ட ஆளுப்பா?” என்று கேட்காதவர்கள் இல்லை. நாலு பேர் எதிரில் எனக்குப் பேச வராது. ஒருமுறை மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். “நல்ல பையன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் சொன்னது நிஜமா பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

அவன் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் சுவரொட்டியில் இருக்கிற முகம் குறுக்கே வந்து நிற்கும். எனக்குத் தெரிந்தது அதற்கு முந்தைய முகம்.

என் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருக்கின்றன. அது என் தப்பால் போனதா, அவன் தப்பால் போனதா என்பது பதின்மூன்று வருஷமாக எனக்குத் தெரியவில்லை. அவனைப் பற்றி எங்கே ஆரம்பித்தாலும் அங்கேதான் வந்து நிற்பேன் என்பதால் இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரகடத்தில் கார்களுக்கான தகட்டுப் பாகங்கள் அடிக்கும் கம்பெனி எங்களுடையது. நான் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். அவன் தூத்துக்குடிப் பக்கம். பென்னலூரில் ஒரு ரூமில் எட்டுப் பேரில் ஒருவனாக இருந்தான். முதல் நாள் என் மிஷின் பக்கம் வந்து நின்று, “அண்ணாச்சி, இந்த மிசின்ல நான் கைய வைக்கலாமா?” என்று கேட்டான். லைனில் எல்லோரும் சிரித்தார்கள். மூன்றே மாதத்தில், “இன்னாண்ணா, டீ குடிச்சிகினு நிக்கறே, கவுன்ட்டு இன்னா ஆவறது?” என்று அவன் என்னைக் கேட்டபோது, வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் பிறந்தவன் போல இருந்தது.

என்னிடம்தான் அப்படி. எங்கள் சூப்பர்வைசர் கோயம்புத்தூர்க்காரர். அவரிடம் போனால் “சொல்லுங் சார், வந்துட்டனுங்” என்பான். “நம்மூருப் பையனுங்க, பொள்ளாச்சிப் பக்கமா இருக்கோணும்” என்று அவர் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். கேட்டில் நின்ற ஒடிசாக்காரரிடம் இந்தியில் பேசி பீடி வாங்கிப் பிடிப்பான். வாயில் மட்டும் இல்லை, நிற்கிற விதமே மாறும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கொஞ்ச நாள் வரைக்கும்.

கேன்டீனில் சாம்பார் ஊற்றும் அக்கா ஒருவர் இருந்தார். புருஷனை இழந்தவர். ஒருநாள் என் தட்டில் ஊற்றிக்கொண்டே, “பாவம்பா அந்தப் புள்ள. ஆறு வயசுல அப்பாவப் பறிகுடுத்துட்டானாம். அவுங்கம்மா ஒத்த ஆளா நின்னு வளத்துச்சாம்” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் அப்பா ரோட்டுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, அந்த நிலத்திலேயே எழும்பிய கம்பெனியில் வாட்ச்மேனாக நிற்கிறார் என்று போன வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தான். அப்போதே எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதே என்று நினைத்தேன். அது என் அப்பாவின் கதை. அவன் வந்த புதிதில் நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன். சூப்பர்வைசரிடம் அவன் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சூப்பர்வைசரின் அப்பாவும் வாத்தியார்.

அக்காவிடம் “அப்படியா” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவனிடம் கேட்கவில்லை. கேட்கிற ஆள் நான் இல்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோருக்கும் ஓ.டி. கேட்டில் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார். அவன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, அங்கே நின்ற என்னையும் கேன்டீன் அக்காவையும் பார்த்து, “எங்க சித்தப்பாண்ணா” என்றான். அதே மூக்கு, அதே காது. பெரியவர் சிரித்தார். எனக்கு அன்று மதியத்தோடு வேலை முடிந்ததால் அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். நிழற்குடையில் உட்கார்ந்ததும் அவராகவே பேசினார்.

“தம்பி, நான் அவன் சித்தப்பன் இல்ல. பெத்த அப்பன்.”

“அப்புறம் ஏன்…”

“கேட்டுல நின்ன அந்தப் பொம்பளப்பிள்ளட்ட நான் செத்துட்டேன்னு சொல்லிருப்பான். சின்னதுலயே அப்படித்தான். எதுக்க நிக்கவன் மூஞ்சியப் பாப்பான். அவனுக்கு என்ன வேணுமோ அத எடுத்துக் குடுத்துருவான். கெட்டவன் இல்ல பாத்துக்கிடுங்க.”

பஸ் வந்தது. “இந்தக் கருப்பட்டிய அவன்ட்ட குடுத்துருங்க” என்று பையை என் மடியில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டார். ஒரு அப்பா, யாரும் கேட்காமல், என் மகன் கெட்டவன் இல்லை என்று சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? அன்றிலிருந்து அவன் எது சொன்னாலும், இது யாருடையதாக இருக்கும் என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கேட்டேன்.

அவனுடைய முதல் மேடை ஆயுத பூஜைக்குப் போட்டது. பாகங்கள் அடுக்குகிற மரப்பலகைகளைச் சேர்த்துக் கட்டிக் கேன்டீனில் மேடை செய்வோம். திரைக்கு நீலத் தார்ப்பாய். அவன் ஏறி, பெரிய மேனேஜர் போன் பேசிக்கொண்டே செருப்பைத் தேடுவதைச் செய்து காட்டினான். மேனேஜரே விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னைச் செய்தான். நான் சூப்பர்வைசர் மேஜை முன்னால் லீவு கேட்க நிற்பது. வாய் திறக்காது, தோளைத் தூக்கிக் கழுத்தைத் துடைத்துக்கொள்வேன், ஒரு அடி பின்னால் போவேன், திரும்ப வருவேன். இப்படியெல்லாம் செய்கிறேன் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. நானும் சிரித்தேன். அன்று என் கை இரண்டும் முழுசாக இருந்தன.

இனி மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் பழையது. முன்னால் இடதும் வலதுமாக இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது விரல் உள்ளே போக முடியாது. அதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி அடித்தால், ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று அவர்கள் சொல்கிற கவுன்ட் வராது. அதனால் ஐஸ் குச்சியை இரண்டாக ஒடித்து, கறுப்பு டேப் சுற்றி, இடது பொத்தானின் விளிம்பில் சொருகிவிடுவோம். பொத்தான் அமுங்கியபடியே நிற்கும். வலது கை அடிக்கும், இடது கை தகட்டை வைக்கும், எடுக்கும். சூப்பர்வைசர் வந்தால் மேலே ஃபேனைப் பார்ப்பார். ஆடிட் வந்தால் எல்லாக் குச்சியும் சட்டைப் பைக்குப் போய்விடும்.

ஷிப்ட் மாறும்போது ஒரு வழக்கம் உண்டு. போகிறவன் தன் குச்சியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, வருகிறவனிடம் “சுத்தம்ணா” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். எந்த போர்டிலும் எழுதாத விதி. மிஷினைத் துடைக்காமல் போனாலும் போவார்களே தவிர, அதைச் சொல்லாமல் யாரும் போகமாட்டார்கள்.

விரல் போன அன்று காலை ஆறு மணிக்கு அவன் முடித்தான், அதே மிஷினில் நான் ஏறினேன். “சுத்தம்ணா” என்று சொன்னானா? சொன்னதாகத்தான் ஞாபகம். ஆனால் தினமும் சொல்கிறவன் அவன். அன்றைய சுத்தம் எது, முந்தின நாள் சுத்தம் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. என் பையிலும் ஒரு குச்சி இருந்தது. ஆனால் டீ பிரேக் முடிகிறவரை அதை வெளியில் எடுக்கமாட்டேன். அதற்குள் கை பழகட்டும் என்று விட்டுவிடுவேன். அன்று மட்டும் முதலிலேயே சொருகினேனா?

மூன்றாவது பீஸ். இடது கை உள்ளே தகட்டை நேராக்கிக்கொண்டிருந்தது. வலது கை பழக்கத்தில் முன்னாலேயே பொத்தானுக்குப் போய்விட்டது. இடது பொத்தான் ஏற்கெனவே அமுங்கியிருந்தது. அவ்வளவுதான்.

நான் கத்தவில்லை. கையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து மிஷின்காரர் பார்த்த பிறகுதான் எல்லோரும் ஓடிவந்தார்கள். மிஷின் அடியில் ஒரு குச்சி கிடந்தது. எல்லாக் குச்சியும் ஒரே மாதிரிதான். என் சட்டைப் பையில் என் குச்சி இருக்கிறதா என்று அப்போது யாராவது பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும். ரத்தமான சட்டையை ஆஸ்பத்திரியில் எங்கேயோ போட்டுவிட்டார்கள்.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு அவன் தினமும் வந்தான். என் மனைவி வருவதற்கு முன்னாலேயே வந்து, இட்லியைப் பிய்த்து ஊட்டிவிட்டான். “சொந்தத் தம்பிகூட இப்படி செய்ய மாட்டான்யா” என்று அவள் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஊட்டும்போது அவன் கண் என் முகத்தில் இருக்காது. கட்டுப்போட்ட கையிலேயே இருக்கும். நான் போர்வையை இழுக்கிறபோது, கட்டை மறைத்துக்கொள்கிறபோது, நர்ஸ் வந்தால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறபோது, பார்த்துக்கொண்டே இருப்பான்.

விசாரணை வைத்தார்கள். நானும் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “நான் குச்சிய எடுத்துட்டேன் சார். எடுத்துட்டு நேரா போயி பஸ்ல ஏறிட்டேன். ஆனா அண்ணன் ரொம்ப கவனமான ஆளு சார்…” என்றான். தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான். இடது கண்ணில் மட்டும் நீர் வந்தது. கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டான். அதிகாரி அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். விரல் போனவன் நான்.

அந்தக் கோப்பு முடிவதற்குள் மார்ச் மாதப் பாதுகாப்பு வாரம் வந்துவிட்டது. வருஷா வருஷம் நாடகம் போடுவார்கள், குடும்பத்தோடு கூப்பிடுவார்கள். அதே பலகை மேடை, அதே தார்ப்பாய். என் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் மேடைக்கு வந்தான். தோளால் கழுத்தைத் துடைத்தான். நான்தான் என்று எல்லோருக்கும் அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, இன்னும் ஐஸ் ஒட்டியிருக்கிற மாதிரி ஒரு நக்கு நக்கினான். கேன்டீனே சிரித்தது. அப்புறம் குனிந்து, அதை இடது பொத்தானில் சொருகினான். சிரிப்பு நின்றது. அடுத்த நிமிஷம் அவன் ஒரு அலறல் அலறினான் பாருங்கள், சாம்பார் அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். கடைசியில் கையைப் பேன்ட் பையில் மறைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் நின்று குழந்தையைத் தூக்கமுடியாமல் ஒரு அடி பின்னால் போனான். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். “நீதான் சொருவுனியா?” என்று கேட்டாள்.

நான் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் அறிக்கை வந்தது: தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு. பர்மனன்ட் ஆகும் பட்டியலில் இருந்த என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஸ்டோரில் உட்காரவைத்து, கையுறையும் காதடைப்பானும் கொடுக்கிற வேலை தந்தார்கள். நாடகத்தால்தான் அப்படி எழுதினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாடகத்துக்கு அப்புறம் வேறு மாதிரி எழுத யாருக்கும் தோன்றியிருக்காது. எனக்கே தோன்றவில்லை. அந்தக் காலையை நினைத்துக் கண்ணை மூடினால் என் மிஷின் வருவதில்லை. பலகை மேடைதான் வருகிறது. அவன் குனிகிறான், சொருகுகிறான். என் கை என்ன செய்தது என்று அதற்கு அப்புறம் பார்க்கவே முடியவில்லை.

அந்த நாடகத்தை மற்ற கம்பெனிகளுக்கும் கொண்டுபோனார்கள். கம்பெனிகளுக்கு இடையே நடந்த நாடகப் போட்டிக்கு நடுவராக வந்த சென்னை நாடகக்காரர் ஒருவர் அவனைக் கையோடு அழைத்துப் போய்விட்டார். போகிற அன்று ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து, “வரட்டாண்ணா” என்றான். நான் தலையாட்டினேன்.

அப்புறம் அவன் வளர்ந்தது ஊருக்கே தெரியும். போன வருஷம் டிவியில் ஒரு பேட்டி. ஆரம்ப வாழ்க்கையைப் பற்றிக் கேட்டார்கள். அப்பா நிலத்தைக் கொடுத்துவிட்டு வாட்ச்மேன் ஆனதிலிருந்து ஆரம்பித்தான். என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னான்: “ஒரு அண்ணன் விரல இழந்தத என் கண்ணு முன்னாடி பாத்தேன். அவரோட அலறல் இன்னும் என் காதுல இருக்கு. அதுதான் என்னை மேடையில ஏத்துச்சு.”

“கண்ணு முன்னாடியா? பஸ்ஸுல ஏறிட்டேன்னு இல்ல சொன்னான் அன்னிக்கி?” என்றாள் என் மனைவி.

நான் அலறவே இல்லையே என்று நான் நினைத்தேன்.

இந்த வருஷம், குன்றத்தூர் போகிற வழியில் மூடிக்கிடக்கும் ஒரு கம்பெனி ஷெட்டில் அவன் படம் எடுப்பதாகச் சொன்னார்கள். தொழிலாளியின் கதையாம். கூட்டத்தில் நிற்க யூனிபார்மோடு ஆள் வேண்டும் என்று எங்கள் லைன் பையன்களைக் கூப்பிட்டார்கள். “நீயும் போ. ஒரே ஒரு வார்த்த கேட்டுக்கினு வா. கேக்காம வந்தே, சோறு கெடையாது” என்றாள் மனைவி.

படப்பிடிப்பு இடத்தில் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் நின்றேன். அவனே பார்த்துவிட்டான். “டேய், எங்கண்ணன்டா அவரு, உள்ள வுடு!” என்று கத்திக்கொண்டு வந்து கட்டிக்கொண்டான். “இன்னாண்ணா, எளச்சுப் பூட்டே?” அதே வாலாஜாபாத் பேச்சு. என் இடது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை. பிறகு பலகையில் செய்த ஒரு பிரஸ் பக்கம் அழைத்துப் போனான். பச்சைப் பொத்தான், டேப் சுற்றிய குச்சி, எல்லாம் இருந்தது.

“குச்சி எந்தப் பக்கம்ணா? இதா, அதா?”

“இடது” என்றேன். மேடையில் சரியாகச் சொருகியவன்தான், மறந்துபோயிருக்கலாம். குச்சியை எடுத்து மாற்றி வைத்தான். அப்போதுதான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“அன்னிக்கி… நீ… எடுத்தியா?”

அவன் என் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான்.

“இல்லண்ணா. நான் எடுக்கல. தூக்கம் கண்ணக் கட்டுச்சு. பஸ்ல ஏறிப் பையத் தொட்டுப் பாத்தா குச்சி இல்ல. எறங்கி ஓடியாந்தேன். நீ கையப் புடிச்சுக்கினு நின்னுகினு இருந்தே. கத்தவே இல்ல நீ. நான்தாண்ணா. நான்தான்.”

இடது கண்ணில் நீர் வந்தது. இடது கண்ணில் மட்டும்.

பதின்மூன்று வருஷமாக இறக்கிவைக்க இடம் கிடைக்காத சுமை இறங்கியது போல இருந்தது. கத்தவில்லை என்பது அங்கே இருந்தவனுக்குத்தானே தெரியும் என்று நினைத்தேன். உடனேயே, லைனில் எல்லோரும் ஒரு மாதம் அதையேதான் பேசினார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. நிழற்குடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். என் முகத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று எழுதியிருந்ததை அவன் படிக்காமல் இருந்திருப்பானா?

“ஷாட் ரெடி சார்” என்று கூப்பிட்டார்கள். என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனான். என் வயசுள்ள ஒரு நடிகர் கையில் கட்டோடு நின்றார். இவன் அவர் எதிரில் போய் நின்றான். கூரையைப் பார்த்தான்.

“இல்லண்ணா. நான் எடுக்கல. தூக்கம் கண்ணக் கட்டுச்சு.”

அதே இடத்தில் மூச்சு வாங்கினான். அதே கண். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு கட்டுப் பேப்பர் கவிழ்ந்து கிடந்தது, அன்றைய வசனம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் தண்ணீர் பாட்டிலை மேலே வைத்துவிட்டு எழுந்து போயிருந்தாள். அந்த வரி அதில் முன்பே இருந்தால், அவன் என்னிடம் ஒத்திகை பார்த்திருக்கிறான். இல்லாவிட்டால், என்னிடம் சொன்ன நிஜத்தைக் கையோடு அங்கே கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறான். திருப்பினால் தெரிந்துவிடும். தமிழ் எனக்குப் படிக்க வரும். இரண்டு முறை கையை நீட்டினேன். இடது கை. பிறகு பையில் வைத்துக்கொண்டேன். அடுத்தவர் பேப்பரைத் தொடுவது தப்பு என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் அது இல்லை.

அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன். வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“கேட்டியா?”

“கேட்டேன். அவன்தானாம். எடுக்க மறந்துட்டானாம்.”

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். “அன்னிக்கி அத்தினி பேரு நடுவுல ஒன்ன நான் அப்புடிக் கேட்டிருக்கக் கூடாதுயா” என்றாள். அப்புறம் எழுந்துபோய்ச் சோறு போட்டாள். பேப்பரைப் பற்றி நான் சொல்லவில்லை.

மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். ஆறு மணிக்கு ஸ்டோர் ஜன்னலைத் திறந்தேன். நாற்பத்தோரு ஜோடி கையுறை போனது. படப்பிடிப்புக்காரர்கள் ஷெட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாக டீக் கடையில் சொன்னார்கள். அந்த வசனப் பேப்பரும் கூடவே போயிருக்கும்.